நீலகிரியில் உங்கள் ஊருக்கு நிலவியல் வரைபடம் போடுவது எப்படி? பாறை, ஊற்று, மண்சரிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி உறுப்பினர்கள், தேயிலை விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், பள்ளிச் சூழல் மன்றங்கள் என்று தங்கள் ஊரைத் தாங்களே ஆராய முன்வரும் எவருக்கும் இந்தப் பக்கம் பயன்படும். எடுத்துக்காட்டுகள் நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. முறைகள் மற்ற மலைப்பகுதிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அரசு வரைபடமே இருக்கிறதே, நாம் ஏன் தனியாகப் போட வேண்டும்?

ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடங்கள் பூகோஷ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நீலகிரி மேட்டுநிலத்துக்கான தாளைத் திறந்தால் பெரும்பகுதி ஒரே நிறத்தில் இருக்கும். அந்த நிறம் சார்னோக்கைட் பாறைக்கானது. தேசிய மண்சரிவு வாய்ப்பு வரைபடத் திட்டம் 2014இல் தொடங்கியது. அதன் அளவை 1:50,000தான். அந்த அளவையில் தாளின் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். ஒரு லைன் வீட்டு வரிசையும், அதன் பின்னால் வெட்டிய மண்சுவரும், மேலே ஓடும் சாலையும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. நீலகிரியில் சரிவது பெரும்பாலும் பாறை அல்ல, பாறைமேல் கிடக்கும் மண். பாறை ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. மண்ணின் ஆழமும் அதற்குள் ஓடும் நீரும் ஐம்பது அடிக்கு ஒருமுறை மாறும். அந்த மாற்றத்தைக் காலால் நடந்துதான் பதிவு செய்ய முடியும்.

எவ்வளவு பரப்பை எடுத்துக்கொள்வது?

முதல் முயற்சிக்கு 3 முதல் 5 சதுர கிலோமீட்டர் போதும். அளவை 1:5,000 அல்லது 1:10,000. எல்லையை வருவாய்க் கிராமத்தின் எல்லையாக வைக்காதீர்கள். முகட்டிலிருந்து ஓடை வரை, நீர் வடியும் பரப்பையே எல்லையாக வையுங்கள். ஊருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் ஊர் எல்லைக்கு மேலே, அடுத்த எஸ்டேட்டிலோ காப்புக்காட்டிலோதான் தொடங்குகிறது. எஸ்டேட்டுக்குள் நுழைய உரிமையாளரிடமும், காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையிடமும் முன்அனுமதி பெறுங்கள். காட்டெருமையும் யானையும் நடமாடும் இடங்களில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் களத்தில் இருக்க வேண்டாம். தனியாகப் போகவே வேண்டாம்.

என்னென்ன கருவிகள் தேவை?

சாய்வுமானியுடன் கூடிய காம்பஸ் (பிரண்டன் வகை நல்லது), நிலவியல் சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 30 மீட்டர் நாடா, கெட்டி அட்டைக் குறிப்பேடு, 2எச் பென்சில், மண் மாதிரிக்குப் பிளாஸ்டிக் பைகள், அழியாத மை பேனா, 3 மீட்டர் வரை இறங்கும் கைத்துளைப்பான், 10 லிட்டர் வாளி, ஜி.பி.எஸ். உள்ள கைப்பேசி.

கைப்பேசி இடத்தைத் திறந்தவெளியில் 5 மீட்டருக்குள் காட்டும். சில்வர் ஓக் நிழலிலும் சோலைக்குள்ளும் 10, 15 மீட்டர் விலகும். உயரத்தை அதை நம்பி எழுதாதீர்கள். காம்பஸ் வாசிக்கும்போது சுத்தியலையும் காந்த மூடியுள்ள கைப்பேசி உறையையும் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். முதல் வாரத்து அளவீடுகள் வீணாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இங்கே உள்ள வேறுபாடு 2 பாகைக்குள்தான் என்பதால், இந்த வேலைக்கு அதை விட்டுவிடலாம்.

அடிப்படை வரைபடத்தை எங்கிருந்து எடுப்பது?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்கள் இருக்கின்றன. பழைய எண்முறையில் நீலகிரியின் நடுப்பகுதி 58ஏ/11, 58ஏ/15 ஆகிய தாள்களில் வரும். சமஉயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். இத்துடன் இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் உயரத் தரவையும் (30 மீட்டர் கட்டம்), ஐரோப்பிய கோப்பர்னிக்கஸ் தளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களையும் (10 மீட்டர் கட்டம்) இறக்கிக்கொள்ளுங்கள். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருள் போதும்.

க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸில் சரிவு கணக்கிட்டால் எங்கும் 89 பாகை என்று வருகிறது. ஏன்?

உயரம் மீட்டரிலும் கிடைத்தூரம் பாகையிலும் இருக்கிறது. தரவை முதலில் தூரத்தை மீட்டரில் அளக்கும் யு.டி.எம். 43 வடக்கு மண்டலத்துக்கு (இ.பி.எஸ்.ஜி. எண் 32643) மாற்றிவிட்டு, பிறகு சரிவு கணக்கிடுங்கள்.

சரியாக வந்த எண்ணையும் தாளில் ஒருமுறை சோதியுங்கள். 1 செ.மீ. நீளத்துக்குள், அதாவது தரையில் 500 மீட்டருக்குள், பத்து இடைவெளி சமஉயரக் கோடுகள் ஏறினால் உயரம் 200 மீட்டர். சரிவு சுமார் 22 பாகை. கணினி 35 என்று சொன்னால் எங்கோ பிழை. எண் சரியாகவே இருந்தாலும் 30 மீட்டர் கட்டத்தில் ஒரு குறை உண்டு. சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய 6 மீட்டர் மண்சுவர் அதில் தெரியவே தெரியாது. அவற்றை நாடாவால் அளந்து கையால்தான் சேர்க்க வேண்டும்.

சார்னோக்கைட்டை எப்படி அடையாளம் காண்பது?

உடைத்த புதுமுகம் நீலம் கலந்த கருஞ்சாம்பலாகவோ பச்சைச் சாயலுடனோ, எண்ணெய் பூசியதுபோல் மின்னும். உள்ளே இருக்கும் குவார்ட்சும் நீலச்சாயலாக இருக்கும். வெயில்மழை பட்ட வெளிப்புறம் பழுப்பு. ஆகவே உடைக்காமல் பெயர் எழுத வேண்டாம். சிவப்புப் பொட்டுகள் தெரிந்தால் கார்னெட், அதைத் தனியாகக் குறியுங்கள். மணி தெரியாத அளவுக்கு நுண்ணிய கரும்பாறை சுவர்போல் நேர்க்கோட்டில் ஓடினால் அது டோலரைட் டைக் ஆக இருக்கலாம். நிலத்தடி நீரை மறிக்கும் இயல்பு அதற்கு உண்டு. அதன் மேல்பக்கத்தில் ஊற்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

இந்தப் பாறையின் பெயருக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயர் சூட்டியவர் ஜி.எஸ்.ஐ.யின் தாமஸ் ஹாலண்ட். அந்தக் கல் சென்னை, பல்லாவரம் பக்கத்துப் பாறை வகையைச் சேர்ந்தது.

மண்ணின் ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். மற்றவற்றை விரைவாக முடித்து, மிச்சமாகும் நாட்களை இதற்குக் கொடுங்கள்.

மழையும் வெப்பமும் சார்னோக்கைட்டை மேலிருந்து கீழாகச் சிதைக்கின்றன. ஒரு நல்ல வெட்டுமுகத்தில் (சாலைக்கோ வீட்டுக்கோ மலையை வெட்டிய பக்கச்சுவரில்) மேலே கறுத்த மேல்மண், அதன்கீழ் செம்மண் அல்லது செம்புரைக் கல், அதற்கும் கீழே வெள்ளை, மஞ்சள், ஊதா நிறங்களில் வழுவழுப்பான களி, பிறகு உருண்டைப் பாறைகள் கலந்த சிதைந்த பாறை, கடைசியில் கெட்டிப் பாறை என்று அடுக்கு தெரியும். அந்த வழுவழுப்புக் களியை லிதோமார்ஜ் என்பார்கள். மழைநீர் செம்மண்ணுக்குள் எளிதாக இறங்கி இந்தக் களிமேல் தேங்கும். மேலே உள்ள மண்ணின் எடை கூடி, அடியில் பிடிப்புக் குறைந்து, மண்மூட்டை அப்படியே நழுவும்.

சிதைவை ஆறு நிலைகளாக எழுதுவது வழக்கம். சுத்தியல் பட்டால் கணீரென்று ஒலிப்பது 1. நிறம் மட்டும் லேசாக மாறியது 2. கட்டியாக உடைய பலத்த அடி தேவைப்படுவது 3. கையால் உடைக்க முடிந்தால் 4. மண்ணாகவே பொடிந்தும் பழைய பாறையின் கோடுகளும் மணிகளும் தெரிந்தால் 5. அந்த அடையாளமும் அழிந்துபோன மண் 6. ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் எந்த நிலை எத்தனை மீட்டர் என்று நாடா வைத்து அளந்து, சிறு படமாகவும் வரையுங்கள்.

வெட்டுமுகம் இல்லாத இடத்தில் கிணறுகள் உதவும். கிணறு தோண்டியவரிடம் எத்தனை அடியில் கல் வந்தது என்று கேளுங்கள். பழைய சரிவுத் தழும்பின் ஓரங்களும் நல்ல வெட்டுமுகங்களே. வேறு வழி இல்லையென்றால் கைத்துளைப்பான். துளைப்பான் முட்டி நின்றால் "அடிப்பாறை" என்று எழுதிவிடாதீர்கள். சிதைந்த மண்ணுக்குள் வண்டியளவு உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கும். ஒரு மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு துளை போடுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் நின்றால் பாறையாக இருக்கலாம். வேறு வேறு ஆழமானால் உருண்டைக் கல்தான். "துளைப்பான் நின்ற ஆழம்" என்றே எழுதுவது நேர்மை.

வெட்டுமுகத்தில் காம்பஸால் எதை அளக்க வேண்டும்?

பாறையில் உள்ள பட்டைகளின் கிடைத்திசை (பட்டை கிடைமட்டமாக ஓடும் திசை), சாய்வு, அதோடு ஒவ்வொரு பிளவுத் தொகுதியின் (ஒரே போக்கில் ஓடும் பிளவுகளின்) சாய்வுத் திசை, கோணம். ஒரு இடத்தில் குறைந்தது இருபது பிளவுகள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் நாலைந்தை மட்டும் அளந்தால் படம் திரிந்துவிடும். பிளவு மலைச்சரிவின் திசையிலேயே சாய்ந்து, வெட்டுமுகத்தின் கோணத்தைவிடக் குறைந்த கோணத்தில் இருந்தால் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்தப் பலகை கீழே வழுக்கி வர எந்தத் தடையும் இல்லை. சிதைந்த மண்ணுக்குள்ளும் இப்பழைய பிளவுகள் களி பூசிய முகங்களாகத் தொடரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வளங்கள் என்ற தலைப்பில் என்ன எழுதுவது? எங்கள் ஊரில் சுரங்கம் எதுவும் இல்லையே?

மலை ஊரின் முதல் வளம் ஊற்று. ஒவ்வொரு ஊற்றையும் குறித்து, 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். 25 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 24 லிட்டர், நாளுக்கு 34,560 லிட்டர். ஏப்ரலிலும் டிசம்பரிலும் அளந்தால்தான் அது ஆண்டு முழுதும் ஊருக்குத் தாங்குமா என்று தெரியும்.

பிறகு சதுப்புகள். உதகைக்கு அருகே சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளில் உள்ள கரிச்சதுப்பு பல்லாயிரம் ஆண்டுக் காலநிலையின் சுவடுகளைச் சுமந்திருக்கிறது. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதும் அதுவே. அதன்மேல் கட்டடம் கட்டினால் அடித்தளம் சமமின்றி அமிழும். ஆகவே வளப்பட்டியலிலும் ஆபத்துப் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு.

மண்பாண்டக் களிமண், கட்டடக் கல், செம்புரைக் கல் ஆகியவற்றை இடம் மட்டும் குறித்தால் போதும். வரைபடத்தில் குறித்ததால் எடுக்கும் உரிமை வந்துவிடாது. சிறுகனிமம் எதுவாயினும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

பந்தலூர், தேவாலா பக்கத்தினருக்கு ஒரு சொல். அங்கே குவார்ட்ஸ் நரம்புகளில் தங்கம் உண்டு. 1880ஐ ஒட்டி ஆங்கிலேய நிறுவனங்கள் போட்டிபோட்டுத் தோண்டி, சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போயின. அவர்கள் விட்டுச்சென்ற குடைவுகள் இன்னும் கிடக்கின்றன. வாயை வெளியிலிருந்து குறித்து, படம் எடுத்து, திரும்பி வாருங்கள். உள்ளே கூரை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. காற்றும் கெட்டிருக்கும். உள்ளே நுழைவதை எந்த ஆய்வும் நியாயப்படுத்தாது.

பழைய மண்சரிவை எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது எல்லாம் தேயிலையாக இருக்கிறதே?

மேலே குதிரை லாடம்போல் வளைந்த செங்குத்து விளிம்பு, நடுவில் குழிந்த நிலம், கீழே மேடும் பள்ளமுமாகக் குவிந்த மண். அடியில் பெருத்து வளைந்து பின் நேராகும் மரங்கள். சுற்றிலும் பாறை தெரியாத இடத்தில் கோணல்மாணலாகக் கிடக்கும் பெரிய கற்கள். சரிவின் நடுவில் காரணமின்றிக் கசியும் ஈரம். தேயிலை வரிசைகள் சமஉயரத்தை விட்டுத் திடீரென்று தொய்ந்து இறங்கினால் அங்கே மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "மண்சரிவு வந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். 1978, 1993, 2009 ஆகிய ஆண்டுகளைச் சொல்லி, அந்த மழையில் எந்தப் பாதை அடைபட்டது, எந்த ஓடை இடம் மாறியது, எந்த வீட்டைக் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். 1993 நவம்பர் 11 அன்று மரப்பாலம் சரிவு குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையை அடித்துச் சென்றது. 2009 நவம்பரில் சில நாள் மழையில் மாவட்டம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள், 40க்கும் மேற்பட்ட உயிரிழப்புகள். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டோடு கேட்டால் இடத்தோடு சொல்வார்கள்.

ஆபத்தின் அளவை எண்ணில் எப்படிச் சொல்வது?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 14496, பகுதி 2 (1998) இதற்கு ஒரு மதிப்பெண் முறை தருகிறது. முதலில் நிலத்தை முகடு, ஓடை, சரிவு மாறும் இடம் ஆகியவற்றால் பிரித்து, ஒரே சீரான சாய்வும் திசையும் உள்ள முகப்புகளாக்குங்கள். ஒவ்வொரு முகப்புக்கும் ஆறு காரணிகளுக்கு மதிப்பெண் இடவேண்டும். மண் அல்லது பாறை வகைக்கு அதிகபட்சம் 2, பிளவமைப்பு அல்லது மண்ணாழத்துக்கு 2, சரிவுக் கோணத்துக்கு 2, நிலப்பயன்பாட்டுக்கு 2, உயர வேறுபாட்டுக்கு 1, நிலத்தடி நீரின் நிலைக்கு 1. மொத்தம் 10. கூட்டுத்தொகை 3.5க்குக் கீழ் என்றால் மிகக் குறைவு, 5 வரை குறைவு, 6 வரை நடுத்தரம், 7.5 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம்.

ஒரு முகப்பை எடுத்துக்கொள்வோம். பழைய, நன்கு இறுகிய சரிவுக் குவியல்: 1.2. மண்ணாழம் 11–15 மீட்டர்: 1.3. சரிவு 26–35 பாகை: 1.2. உயர வேறுபாடு 100–300 மீட்டர்: 0.6. செடிமூடல் நடுத்தரம்: 1.2. இதுவரை 5.5. மார்ச் மாதம் போய் நிலம் காய்ந்திருக்கக் கண்டு நீருக்கு 0 போட்டால் இது "நடுத்தரம்". அதே இடத்துக்கு நவம்பரில் போனால் வெட்டுமுகத்தில் நீர் சொட்டும். அதற்கு 0.8. கூட்டினால் 6.3, "அதிகம்". நிலம் மாறவில்லை, நாம் களத்துக்குச் சென்ற பருவம்தான் மாறியது. நீரின் நிலையை மழைக்காலம் முடிந்த கையோடு எழுத வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிக்குத் தென்மேற்குப் பருவமழை.

இந்த மதிப்பெண்ணில் சேராத சில மனிதச் செயல்களும் இருக்கின்றன. அவற்றைத் தனி அடுக்காகப் போடுங்கள். 3 மீட்டருக்கு மேல் உயரமான மண்வெட்டுகள், வடிகுழாய் இல்லாத தடுப்புச்சுவர்கள், அடைபட்ட சிறுபாலங்கள், சாலைநீர் கொட்டும் வாய்கள், கழிவுநீர்க் குழிகள், நீர்த்தேக்கக் குழிகள். ஆழமான மண்ணும் செங்குத்தும் உள்ள இடத்தில் மழைநீரைக் குழிவெட்டிச் சேமிப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. அங்கே நீரை இறக்கக் கூடாது, வடித்து ஓடைக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் வீடுகள் சரிவில் இல்லை, கீழே சமதளத்தில் இருக்கின்றன. கவலை இல்லைதானே?

கவலைப்பட வேண்டும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த சரிவு ஊர்களுக்கு வெகு மேலே, சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கி ஓடை வழியே 8 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியது. நம் பந்தலூர் வட்டத்துக்கு அது பக்கத்து மலை. சரியும் இடத்தை மட்டும் குறித்த வரைபடம் பாதி வரைபடம்தான். "அதிகம்" என்று வந்த ஒவ்வொரு முகப்பிலிருந்தும் கீழே ஓடையைத் தொடருங்கள். ஓடை திரும்பும் வளைவின் வெளிப்பக்கம், இரண்டு ஓடைகள் சேரும் மூலை, மலையடிவாரத்தில் விசிறிபோல் பரந்த கல்லும் மண்ணும் உள்ள மேடு ஆகிய மூன்றிலும் வீடு இருந்தால் குறியுங்கள். பழைய வெள்ளம் கொண்டுவந்து பரப்பியதால்தான் அந்தச் சமதளம் சமதளமாக இருக்கிறதா என்று ஒரு குழி வெட்டிப் பாருங்கள். வெவ்வேறு அளவுக் கற்கள் அடுக்கின்றிக் களியோடு கலந்து கிடந்தால் விடை கிடைத்துவிட்டது.

நிலநடுக்கம்?

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பகுதியில் சுமார் 6 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. மோயாறு, பவானி பள்ளத்தாக்குகள், பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த மிகப் பழைய பெருந்துண்டிப்பு மண்டலங்கள். ஆனால் ஊர் அளவு வரைபடத்தில் நடுக்கத்தைக் கணிக்க முடியாது. நடுங்கினால் முதலில் உருளக்கூடிய தனிப்பாறைகளைக் குறிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இறுதித் தாளை எப்படி வரைவது?

மூன்று தனித் தாள்களாகப் போடுங்கள்: பாறையும் மண்ணாழமும் ஒன்று, வளங்கள் ஒன்று, ஆபத்து ஒன்று. எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்தால் யாராலும் படிக்க முடியாது. கண்ணால் கண்ட எல்லை முழுக்கோடு, ஊகித்தது விட்டுவிட்டு வரும் கோடு, மண்ணுக்குள் மறைந்தது புள்ளிக்கோடு. நீங்கள் நடந்த வழியையும் நின்று பார்த்த ஒவ்வொரு புள்ளியையும் கட்டாயம் காட்டுங்கள். போகாத இடத்தை வெள்ளையாக விடுங்கள். அங்கே பச்சை நிறம் பூசினால் படிப்பவர் "பாதுகாப்பு" என்று எடுத்துக்கொள்வார், அதை நம்பி வீடும் கட்டிவிடுவார். அளவைக்கோடு, வடக்கு, நாள், பருவம் ஆகியவையும் வேண்டும். சிற்றூர்ப் பெயர்களை ஊரார் சொல்லும்படியே எழுதுங்கள். ஹட்டி, மந்து, ஹள்ள என்று வழக்கில் உள்ளதை மாற்ற வேண்டாம்.

இதை வைத்துக் கட்டட அனுமதி வாங்கலாமா?

முடியாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வரும் ஊர்களில் கட்டுமானத்துக்குக் கனிமவளம், வேளாண் பொறியியல், வனம் ஆகிய துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். உங்கள் வரைபடம் அதற்கு மாற்றாகாது. ஆனால் கிராமசபையில் வைத்துத் தீர்மானமாக்கி, வட்டாட்சியருக்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கும் அனுப்பலாம். அடைபட்ட சிறுபாலத்தின் இடமும் படமும் கையில் இருந்தால் கோரிக்கை மனுவுக்கு வலு கூடும். நீலகிரிக்கு ஜி.எஸ்.ஐ. மழைக்காலங்களில் மண்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது பரந்த பகுதிக்கானது. உங்கள் வரைபடம் அந்தப் பகுதிக்குள் எந்தத் தெரு என்று காட்டும். தினமும் காலை 8:30க்கு மழைமானியைப் படித்து எழுதிவைக்க ஒருவரைப் பொறுப்பாக்கினால் இன்னும் நல்லது.

ஆய்வின்போதே தரையில் புதிய விரிசலைக் கண்டால்?

வரைபட வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மழை பெய்துகொண்டிருந்தால், அல்லது தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, கதவுகள் இறுகி மூட மறுத்தாலோ, கீழே உள்ள வீட்டாரை உடனே பக்கவாட்டில் வெளியேறச் சொல்லுங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடக் கூடாது. பிறகு 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்குச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளானால் விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து, நாளும் நேரமும் எழுதி, அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். விரிசலுக்குள் மழைநீர் இறங்காதபடி களிமண்ணால் அடைத்து, மேலே தார்ப்பாய் விரித்து, மேற்புறத்து நீரைச் சிறு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். முளைகளைத் தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். இடைவெளி நாளுக்கு நாள் வேகமாகக் கூடினால், வானம் வெளுத்திருந்தாலும் அந்த வீடுகளில் இரவு யாரும் படுக்கக் கூடாது.